தோளுக்குத் தகுந்த சுமை

எடை பார்ப்பது எனக்குப் புதிய வேலை அன்று. கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன் நான். நெல் மூட்டை உள்ளே வரும்போதும், அரிசி மூட்டை வெளியே போகும்போதும் தராசு காட்டும் எண்ணைப் பேரேட்டில் பதிவதே என் அன்றாட அலுவல். ஆயினும், பன்னிரண்டு ஆண்டுகளாக என் தோளில் தொங்கிய ஒரு மூட்டையை மட்டும் நான் ஒருநாளும் அந்தத் தராசில் வைத்துப் பார்த்ததில்லை. அதுதான் என் காமிராப் பை.

மாணவ நண்பர்களே, புகைப்படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. அதனால் எனக்கு ஒரு காசு வருமானம் கிடையாது. செலவு மட்டும் உண்டு. அந்தப் பொழுதுபோக்கில் நான் செய்த ஒரு தவற்றையும், அதைத் திருத்திக்கொண்ட விதத்தையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். காமிரா இல்லாதவர்களும் இதைக் கேட்கலாம். ஏனெனில் இது காமிராவைப் பற்றிய பேச்சாகத் தோன்றினாலும், உண்மையில் சுமையைப் பற்றிய பேச்சு.

எங்கள் ஊருக்கு மேற்கே நீலமாய்ப் படுத்திருப்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்று. பச்சை மலை, சேர்வராயன் மலை, ஜவ்வாது மலை ஆகியவற்றோடு சேர்ந்து, தெற்கே காவிரிப் படுகையையும் வடக்கே பாலாற்றுப் படுகையையும் பிரித்து நிற்பது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதிகளாக அதைப் பிரித்துச் சொல்வார்கள். பெரும்பகுதி இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடி வரை உயரமுள்ளது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, இந்த மலையின் ஒரு பெரும் பங்கு எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கே வாழும் பழங்குடியினரை மலையாளிகள் என்பார்கள். கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்களிடம் வழிவழியாக வழங்கும் செய்தி. சாமையும் தினையும் விளைவிப்பார்கள். காட்டில் கடுக்காய் பொறுக்குவார்கள்.

கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறினால் கச்சிராயபாளையம் கடந்து, அடிவாரத்தில் கோமுகி அணையைப் பார்த்தபடி மேலேறி, கரியாலூர் வழியாக வெள்ளிமலை சென்று சேரலாம். விடுமுறை நாள்களில் எனக்கு அதுவே யாத்திரை. வெள்ளிமலையில் இறங்கி, ஒற்றையடிப் பாதையில் நடந்து, அருவியோ பறவையோ கண்ணில் பட்டால் படம் பிடித்துக்கொண்டு, மாலைப் பேருந்தில் இறங்கிவிடுவேன்.

தொடக்கத்தில் என்னிடம் ஒரு காமிராவும் ஒரு லென்ஸும் இருந்தன. பிறகு, பறவைக்கென்று ஒரு தொலைநோக்கு லென்ஸ் வந்தது. அதைக் கையில் பிடித்தால் படம் நடுங்கியது; ஆகவே முக்காலி வந்தது. மழைமேக நாளில் வெளிச்சம் போதவில்லை. ஆகவே பெரிய வாயுள்ள இன்னொரு லென்ஸ் வந்தது. பிறகு ஃபிளாஷ் விளக்கு வந்தது. இவற்றையெல்லாம் வைக்கப் பெரிய பையும் வந்தது. ஒரு வீட்டுக்கு மாடு வந்தால், கட்டுத்தறி, தொட்டி, வைக்கோற்போர் எல்லாம் பின்னால் வருவது போல, ஒன்று வந்து மற்றொன்றை அழைத்துக்கொண்டது. ஒவ்வொன்றாய் வந்ததால் சுமை ஏறியதே தெரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதத்தில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூருக்கு ஏறிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பாதி வழியில் வலது முழங்கால் மறுத்துவிட்டது. பாறை ஒன்றில் உட்கார்ந்தேன். அப்போது அவ்வழியே பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிப்பவன். விடுமுறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்தான், பையைப் பார்த்தான். "கொடுங்க ஐயா, நான் தூக்கிட்டு வரேன்" என்று சொல்லித் தன் புத்தகப் பைக்கு மேல் அதையும் மாட்டிக்கொண்டான். நான் முக்காலியை ஊன்றுகோலாக ஊன்றிக்கொண்டு, வெறுங்கையோடு அவன் பின்னே நடந்தேன். அந்த நடை எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மேலே சென்றதும் பையை இறக்கினான். வாரின் அழுத்தத்தால் அவன் தோளில் இரண்டு சிவந்த தடங்கள் விழுந்திருந்தன. கூலியாகக் கொஞ்சம் பணம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "எங்க ஆயாவை ஒரு படம் எடுத்துக் கொடுங்க ஐயா" என்றான்.

அவன் பாட்டியார் வாசல் திண்ணையில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். சுருக்கம் விழுந்த முகம். ஆனால் பேரனைக் கண்டதும் அதில் ஓர் ஒளி. அந்த ஒளியைத்தான் பிடிக்க வேண்டும். நான் பையைத் திறந்தேன். முக்காலியை விரித்தேன். பொருத்திய லென்ஸ் வேண்டாம் என்று கழற்றினேன், இன்னொன்றைப் பொருத்தினேன். அதற்குள் பாட்டியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைகளை முழங்கால்மேல் ஊன்றி, விசாரணைக்கு நிற்பவர் போல விறைத்து உட்கார்ந்துவிட்டார். "எதுக்கு சாமி இம்மாம் பெரிய குழாயி?" என்று ஒரு கேள்வி, அதன்பின் பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. பத்துப் படங்கள் எடுத்தேன். பத்திலும் கல்லில் வடித்த முகம்.

அடுத்த மாதம் அவற்றுள் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துச் சென்றேன். கூர்மையிலும் வெளிச்சத்திலும் குறை சொல்ல முடியாத படம். சிறுவன் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "இது எங்க ஆயா இல்லீங்க ஐயா."

அன்று கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, ஆலைத் தராசில் என் பையை வைத்தேன். காமிரா 900 கிராம்; தொலைநோக்கு லென்ஸ் 2 கிலோ; மற்ற இரண்டு லென்ஸ்களும் சேர்ந்து 2 கிலோ 400; முக்காலி 2 கிலோ 400; விளக்கு 400 கிராம்; வெறும் பை 1 கிலோ 600. ஆகமொத்தம் 9 கிலோ 700 கிராம். பேரேட்டில் பதியாத கணக்கு அது. முக்காலி நீங்கலாக, அந்தச் சிறுவன் தோளில் ஏறியது ஏழு கிலோவுக்கு மேல்.

நிற்க. காமிராச் சுமை எனக்கு மட்டும் நேர்ந்தது அன்று. புகைப்படக் கலை பிறந்த நாள் முதலாக அதுவும் கூடவே வந்திருக்கிறது. நம் நாட்டுக் கோயில்களை முதன்முதலில் சிறப்பாகப் படம் பிடித்தவர்களுள் ஒருவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. 1856 இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றவர். 1857 இறுதியிலும் 1858 இலும் சேலம் பகுதியின் ராயக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை ஆகிய இடங்களுக்கெல்லாம் சென்றார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து, ஒரே நீளப் படமாக ஒட்டிச் சேர்த்தவர் அவர். அக்காலத்தில் படத்தைப் பெரிதாக்கும் வழக்கம் இல்லை. நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ அச்சுப் படமும் அவ்வளவே. பெரிய படம் வேண்டுமானால் பெரிய பெட்டி வேண்டும். ஏறக்குறைய ஒன்றேகால் அடி நீளமுள்ள மெழுகிட்ட தாள்களும், மருந்துப் புட்டிகளும், காமிராவும் மாட்டு வண்டிகளில் ஏறி ஊர் ஊராகச் சென்றன. டிரைப் பெயர் வரலாற்றில் நிற்கிறது. வண்டி ஓட்டியவரும் பெட்டி இறக்கியவரும் யார் என்பது அந்தப் படங்களில் இல்லை. அதைப் படித்தபோது எனக்குச் சிறுவனின் தோள்தான் நினைவுக்கு வந்தது. சுமை எங்கும் மறைந்துபோவதில்லை. நாம் தூக்காவிட்டால் வேறொருவர் தூக்குகிறார்.

இந்த நிலையை மாற்றியவரும் என்னைப் போல் ஒரு பொழுதுபோக்குப் புகைப்படக்காரரே. ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்னும் ஊரில், நுண்ணோக்கிகள் செய்யும் லைட்ஸ் தொழிற்சாலையில் பணிபுரிந்த ஆஸ்கர் பார்னாக் என்பவர் அவர். மலைப்பாதையில் நடந்து படம் எடுப்பதில் பெருவிருப்பம் உடையவர், ஆனால் ஆஸ்துமாக்காரர். கண்ணாடித் தகடுகளும் கனத்த பெட்டியுமாக மேடேற அவர் மூச்சு இடங்கொடுக்கவில்லை. விருப்பத்தை விடுவதா, சுமையை விடுவதா என்ற கேள்வி எழுந்தது. அவர் சுமையை விட்டார். சினிமாவுக்குப் பயன்படும் சிறு ஃபிலிம் சுருளை எடுத்து, சினிமாச் சட்டத்தைப் போல இருமடங்கு பரப்பில், 24 மில்லிமீட்டருக்கு 36 மில்லிமீட்டர் அளவில் படம் பதியும் கையடக்கக் கருவி ஒன்றை 1914 வாக்கில் செய்தார். நெகட்டிவ் சிறிது, அதிலிருந்து அச்சிடும் படமோ பெரிது. இதுவே அவர் கொள்கை. 1925 இல் லைப்சிக் கண்காட்சியில் அது லைக்கா என்ற பெயரில் வெளிவந்தது. பிற்காலத்தில் தெருவையும் போரையும் திருவிழாவையும் உடனிருந்து படம் பிடித்த எத்தனையோ பேருக்கு அந்தச் சிறு பெட்டியே வழி திறந்தது. ஒரு மனிதரின் மூச்சுத் திணறல் உலகத்தின் தோள்சுமையைக் குறைத்தது எனலாம்.

இனி, இக்காலத்துச் சிறு காமிரா எவ்வாறு எடை குறைகிறது என்பதைச் சற்று விளக்குகிறேன். கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது எளிது. ஃபிலிம் இருந்த இடத்தில் இன்று ஒளியை உணரும் ஒரு தகடு இருக்கிறது. அதை உணரி என்போம். பார்னாக் வகுத்த அளவே இன்றும் முழு அளவு எனப்படுகிறது. 36ஐ 24ஆல் பெருக்கினால் 864 சதுர மில்லிமீட்டர். சிறு காமிராக்களில் ஒருவகையில் உணரி 17.3க்கு 13, பெருக்கினால் சுமார் 225. அதாவது, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. உணரி சிறிதானால், அதே காட்சியை அதே நெருக்கத்தில் காட்டப் பாதிக் குவியத்தூரமே போதும். பெரிய காமிராவில் 300 மில்லிமீட்டர் லென்ஸ் செய்யும் வேலையைச் சிறியதில் 150 மில்லிமீட்டர் லென்ஸ் செய்துவிடும். குவியத்தூரம் குறைந்தால் கண்ணாடி குறையும். கண்ணாடி குறைந்தால் எடை குறையும். அன்றியும், பழைய காமிராவுக்குள் சாய்வாக ஓர் ஆடியும், அதற்கு மேலே ஒரு கண்ணாடிப் பட்டகமும் இருந்தன. உணரி காணும் காட்சியையே சிறு திரையில் காட்டும் முறை வந்ததும், அவ்விரண்டும் தேவையற்றுப் போயின. 2008 இல் பானசோனிக் நிறுவனம் அத்தகைய ஆடியில்லாத காமிரா ஒன்றை வெளியிட்டது. பிறகு மற்ற நிறுவனங்களும் அவ்வழியில் வந்தன. இப்போது பல காமிராக்களில், கை நடுங்கினால் அதற்கு எதிராக உணரியே அசைந்து நடுக்கத்தைச் சரிசெய்கிறது. ஆகவே பல சமயங்களில் முக்காலியையும் வீட்டில் வைத்துவிடலாம்.

பெரிய கருவிகளை விற்றேன். அதில் வந்த பணத்தில் ஒரு பகுதிக்கு, சிறிய காமிரா ஒன்றும் இரண்டு சிறு லென்ஸ்களும் வாங்கினேன். மறுபடியும் தராசு. காமிரா 400 கிராம், லென்ஸ்கள் 190, 140, உபரி பாட்டரி 50, துணிப்பை 250. மொத்தம் 1 கிலோ 30 கிராம். பழையதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு.

இதனால் எல்லாம் இலாபம் என்று சொன்னால் நான் நேர்மையான கணக்கன் ஆகமாட்டேன். செலவுப் பக்கத்தையும் படித்துக் காட்டவேண்டும். சிறு உணரிக்குள் விழும் ஒளி குறைவு. அந்தி மயங்கியபின் எடுத்த படங்களில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரிகின்றன. பின்னணியைப் பனிபோலக் கரைத்து முகத்தை மட்டும் நிறுத்தும் அழகும் குறைந்துவிட்டது. வேறொன்றும் சொல்கிறேன். கரியாலூருக்கு அருகில் ஒருநாள் பள்ளத்தாக்கின் மேல் ஒரு பருந்து வட்டமிட்டது. பழைய லென்ஸ் இருந்தால் அதன் இறகை எண்ணியிருக்கலாம். என் புதிய படத்தில் அது வானத்தில் விழுந்த ஒரு மைத்துளி. அன்று இரவு நான் விற்ற லென்ஸை நினைத்து வருந்தினேன் என்பதை மறைக்கமாட்டேன்.

பெரிய கருவியைப் பழிப்பதும் என் நோக்கமன்று. நம் தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் என்றொரு பேரறிஞர் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். 1912 இல் பிறந்து 1996 இல் மறைந்தவர். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்து, அவற்றைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர்; 1970 இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். ஒரு காமிராவின் உடலையும் வேறொன்றின் லென்ஸையும் கொண்டு தாமே ஒட்டவைத்துச் செய்த பெரிய கருவி ஒன்று அவரிடம் இருந்தது. அதன் கனத்தைக் கேலி செய்து 'சூப்பர் பாண்டரோசா' என்று தாமே அதற்குப் பெயரும் வைத்திருந்தார். அதைக் கொண்டு அவர் எடுத்த யானைப் படங்களை இன்றும் போற்றுகிறார்கள். யானையின் எதிரே நிற்கும் அவருடைய வேலைக்கு அந்தக் கருவி தகுந்தது. அதன் ஒவ்வோர் ஆணியையும் அவர் அறிவார். ஆகவே, சுமை பெரிதா சிறிதா என்பது கேள்வியன்று. வேலைக்குத் தகுந்ததா, தூக்குகிற தோளுக்குத் தகுந்ததா என்பதே கேள்வி. திருவள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அரசனுக்குச் சொன்னதுதான்; ஆனால் தோளில் பை மாட்டுகிறவனுக்கும் அது பொருந்தும்.

என் வேலை எது? யானை அன்று, பருந்தும் அன்று. மலைப்பாதையில் நடப்பதும், எதிர்ப்படும் மனிதரோடு பேசுவதும், அவர்களைப் படம் எடுப்பதுமே எனக்குப் பிடித்த வேலை. அதை உணரப் பன்னிரண்டு ஆண்டுகளும் ஒரு முழங்காலும் செலவாயின.

அடுத்த தை மாதத்தில் மறுபடியும் அந்தச் சிற்றூருக்குப் போனேன். வழியில் எங்கும் உட்காரவில்லை என்று பெருமை பேசமாட்டேன். இரண்டு இடங்களில் உட்கார்ந்தேன். ஆனால் என் பை என் தோளிலேயே இருந்தது. பாட்டியார் அதே திண்ணையில் இருந்தார். காமிரா என் கைக்குள் அடங்கியிருந்ததால் அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. உங்கள் படத்தை எடுக்கத்தான் வந்தேன், எடுக்கலாமா என்று கேட்டேன். "எங்க சாமி உன் பெரிய குழாயி?" என்று கேட்டார். விற்றுவிட்டேன் என்றேன். "வித்துட்டியா! நல்ல வெலை போச்சா?" என்று கேட்டுவிட்டு, தம் கேள்வியை நினைத்துத் தாமே சிரித்தார். பல் இரண்டு இல்லாத சிரிப்பு, கையில் முறம், முறத்திலிருந்து எழுந்த உமி வெயிலில் பறந்துகொண்டிருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்தேன். மூன்றே படங்கள்.

அந்தப் படத்தின் ஓரத்தில் சற்றுத் தெளிவில்லை. உமி பறந்த இடத்தில் வெண்மை மிகுந்துவிட்டது. போட்டிக்கு அனுப்பினால் நடுவர்கள் புறந்தள்ளுவார்கள். ஆனால் அதை அச்சிட்டுக் கொடுத்தபோது அந்தச் சிறுவன் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே எடுத்துச் சென்று, நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தான். எனக்கு அதுவே பரிசு.

நண்பர்களே, உங்களில் பலருடைய வீட்டில் இன்று காமிரா உள்ள கைபேசி இருக்கிறது. டிரைப் மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்றதையும் பார்னாக் மூச்சு வாங்கத் தூக்கியதையும் அது சட்டைப் பைக்குள் வைத்துவிட்டது. பெரிய கருவி வாங்கப் பணம் இல்லையே என்று ஏங்காதீர்கள். முதலில் எதைப் படம் எடுக்க விரும்புகிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். பறவைதான் உங்கள் விருப்பமானால், பிற்காலத்தில் பெரிய லென்ஸை வாங்கித் தூக்குங்கள். அது வீண் சுமையாகாது. ஆனால் எதை வாங்கினாலும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மேடு ஏறிப் பாருங்கள். உங்களால் ஏற முடியாவிட்டால், அது உங்களுக்காக இன்னொருவர் தோளைத் தேடும்.

படிப்பிலும் தொழிலிலும் குடும்பத்திலும் நாம் ஒவ்வொன்றாய்ச் சேர்த்துக்கொள்ளும் சுமைகள் பல. ஆண்டுக்கு ஒருமுறையாவது அவற்றை இறக்கித் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது. நான் இப்போது ஆண்டுதோறும் தைப்பொங்கல் கழிந்ததும் ஆலைத் தராசில் என் பையை வைத்துப் பார்க்கிறேன். சென்ற முறை 1 கிலோ 180 கிராம் இருந்தது. எங்கிருந்து வந்தது இந்த 150 கிராம் என்று பையைத் துழாவினேன். பாட்டியார் கடைசியாகப் போனபோது கொடுத்தனுப்பிய கடுக்காய்கள் அடியில் கிடந்தன. அவற்றை மட்டும் நான் இறக்கிவைக்கவில்லை.